கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனை ஊழியர்கள் கேட்டவை: அடிக்கடி வந்த கேள்விகளும் பதில்களும்

தமிழ்நாட்டில் மருத்துவமனை ஊழியர்களுக்குத் தொற்றுத் தடுப்புப் பயிற்சி கொடுக்கும் செவிலியர் நான். 2020 முதல் செவிலியர், லேப் டெக்னீசியன், தூய்மைப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஊழியர், பயிற்சி மருத்துவர் என்று பலரும் கேட்ட சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். வகுப்பில் கைதூக்கிக் கேட்டவர்கள் குறைவு. வகுப்பு முடிந்து படிக்கட்டு வரை பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டவர்களே அதிகம். கேள்விகளை அவர்கள் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். உங்கள் மருத்துவமனையின் எழுத்து விதிமுறை இதிலிருந்து மாறுபட்டால் அதன்படி நடங்கள். ஏன் மாறுபடுகிறது என்றும் கேளுங்கள்.

1. "கொரோனாதான் முடிஞ்சு போச்சே சிஸ்டர், இப்ப எதுக்கு மறுபடியும் இந்த கிளாஸ்?"

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. வைரஸ் இன்னமும் இருக்கிறது. 2020இல் பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள் இன்று நர்சிங் முடித்து வார்டுக்கு வந்துவிட்டார்கள். அந்த இரண்டு வருடமும் அவர்களுக்கு டி.வி.யில் பார்த்த செய்தி மட்டுமே.

புதுநோய் எதுவானாலும் முதலில் சிக்குவது மருத்துவமனை ஊழியர்தான். 2003இல் நுரையீரலைத் தாக்கும் சார்ஸ் வைரஸ் வந்தபோது உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்ட சுமார் 8,000 பேரில் ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியதும் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்தான். முதல் நோயாளிகளைக் கவனித்த செவிலியர் ஒருவரும் இறந்தார். கொரோனாவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை மட்டும் உலக அளவில் 80,000 முதல் 1,80,000 வரையிலான சுகாதாரப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நடுக்கணக்காக அவர்கள் சொன்னது 1,15,500. அடுத்த முறை இந்த எண் குறைய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வகுப்பு.

2. "இது தொட்டா பரவுமா, காத்துல பரவுமா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ஆளுக்கு ஒன்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே "இது காற்றில் பரவுவதில்லை" என்று பொதுமக்களுக்கு அறிவித்தது. இருமல், தும்மலில் தெறிக்கும் துளிகள்தான் முக்கியம் என்பது அப்போதைய நிலைப்பாடு. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார்கள். 2021 முடிவதற்குள் அந்த நிறுவனத்தின் விளக்கமும் மாறிவிட்டது.

இன்று நமக்குத் தெரிந்தது இதுதான்: மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துகள்கள் மூடிய அறையில் மிதந்து தங்கும், அதை மூச்சில் இழுப்பதே முக்கிய வழி. அருகில் இருந்தால் ஆபத்து கூடுதல். ஆனால் காற்றோட்டம் இல்லாத அறையில் ஆறடி தள்ளி நிற்பது மட்டும் காப்பாற்றாது. மேஜை, கதவுப் பிடி வழியாகப் பரவுவது குறைவு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

3. "அப்ப கை கழுவுறத விட்டுடலாமா? கிளவுஸ் வேற போட்டிருக்கோமே."

விடக் கூடாது. ஆஸ்பத்திரியில் கொரோனா மட்டும் இல்லை. புண்ணில் ஏறும் கிருமி, சிறுநீர்க் குழாயில் ஏறும் கிருமி, மருந்துக்கு அடங்காத கிருமி எல்லாம் நம் கை வழியாகத்தான் கட்டில் விட்டுக் கட்டில் போகின்றன. கிளவுஸ் உங்கள் கையைக் காக்கும், அடுத்த நோயாளியைக் காக்காது. ஒரே கிளவுஸோடு நான்கு கட்டில் பார்ப்பது, கழுவாத கையோடு நான்கு கட்டில் பார்ப்பதற்குச் சமம்.

கை சுத்தம் செய்ய ஐந்து தருணங்கள் என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள்: நோயாளியைத் தொடும் முன், ஊசி, கதீட்டர் போன்ற சுத்தமான வேலைக்கு முன், ரத்தம், சளி பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவர் கட்டில், பொருட்களைத் தொட்ட பின். "பின்" என்று வருவதை யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறோம். அது நம்மைக் காக்கிறது. தவறுவது "முன்" என்று வரும் இரண்டும்தான். அவை நோயாளியைக் காப்பவை. ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் சானிடைசர்) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டிலுக்குக் கட்டில் ஹேண்ட் ரப் தொங்கினால்தான் இது நடக்கும். வார்டின் கோடியில் ஒரே ஒரு சிங்க் வைத்துவிட்டு ஊழியரைக் குறை சொல்லக் கூடாது.

4. "சர்ஜிக்கல் மாஸ்க் ரெண்டு போட்டா என்95க்குச் சமமா?"

இல்லை. சர்ஜிக்கல் மாஸ்க் கன்னத்தோரம் திறந்திருக்கும். இழுக்கும் மூச்சில் பாதி அந்த இடைவெளி வழியாகப் போகலாம். என்95இன் பலம் 95 சதவீதத் துகளைத் தடுக்கும் துணியில் பாதி, முகத்தோடு ஒட்டிப் பதிவதில் மீதி. தாடி இருந்தால் பதியாது. போட்டவுடன் இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி, பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண் பக்கமோ கன்னப் பக்கமோ காற்று அடித்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்யுங்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு ஆவி படிந்தால் அதுவே கசிவுக்கு அடையாளம்.

வால்வு வைத்த மாஸ்க் நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பும். நோயாளி பக்கத்தில் அது வேண்டாம்.

5. "ஒரே என்95ஐ எத்தன நாள் போடலாம்? துவைக்கலாமா, வெயில்ல காயப்போடலாமா?"

சாதாரண நாளில் மறுபடி போடவே கூடாது. தட்டுப்பாடு வந்தபோது மட்டும் ஒரு மாற்று வழி சொல்லப்பட்டது: ஆளுக்கு ஐந்து மாஸ்க், ஐந்து காகிதப் பை, பையின் மேல் பெயரும் தேதியும். இன்று போட்டதை இன்றைய பையில் வைத்தால் மறுபடி எடுப்பது ஐந்து நாள் கழித்து. பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் தங்கிவிடும்.

துவைக்கக் கூடாது, ஸ்பிரிட் தெளிக்கக் கூடாது. என்95 துணியில் இருக்கும் மின்னேற்றம்தான் துகளை இழுத்துப் பிடிக்கிறது; சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கெடுத்துவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வடிகட்டாது. நனைந்தாலோ, கறை பட்டாலோ, வார் தளர்ந்தாலோ அதே நிமிடம் மாற்றுங்கள். அந்த ஐந்து மாஸ்க் கணக்கு பஞ்ச காலத்துக்குச் சொன்னது. பஞ்சம் தீர்ந்த பிறகும் அதையே வழக்கமாக வைத்திருக்கும் இடங்களில் ஸ்டோரில் கேட்டு வாங்குங்கள்.

6. "பி.பி.இ போடுறதவிட கழட்டுறதுதான் ஆபத்துன்னு சொல்றீங்களே, ஏன்?"

பி.பி.இ என்பது உடல் முழுக்க மூடும் பாதுகாப்பு உடை. போடும்போது உடை சுத்தம், மனமும் கவனமாக இருக்கும். கழற்றும்போது உடையின் வெளிப்புறம் அசுத்தம், நமக்கோ உயிர் போகிற களைப்பு. மே மாதச் சென்னையில் ஆறு மணி நேரம் அந்த உடைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும்: உள்சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும், காகிள்ஸில் ஆவி படிந்து நரம்பு தெரியாது, ஊசி போடத் தடவித்தான் இடம் தேட வேண்டும். தண்ணீர் குடித்தால் கழிப்பறை போக வேண்டிவரும் என்று டியூட்டிக்கு முன்பே குடிப்பதை நிறுத்திவிடுவோம். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் பட்ட பாடு தனி. இப்படி வெளியே வருகிற மனிதர் முதலில் செய்ய நினைப்பது முகத்தைத் துடைப்பது. ஆபத்து அந்த ஒரு கை அசைவில்தான் இருக்கிறது.

வரிசை மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும், அடிப்படை மாறாது. அதிக அழுக்கானது முதலில், மூச்சைக் காப்பது கடைசியில். வெளிக் கிளவுஸ் முதலில். பிறகு முழு உடையைத் தலைப்பகுதியிலிருந்து உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே கீழே இறக்கி, ஷூ கவரோடு சேர்த்து விட்டுவிட வேண்டும். அடுத்து காகிள்ஸ், பின்பக்க வாரைப் பிடித்து. என்95 எல்லாவற்றுக்கும் கடைசி, அறைக்கு வெளியே வந்தபின், முன்பக்கம் தொடாமல், கீழ்வார் முதலில், மேல்வார் பிறகு. ஒவ்வொரு படிக்கும் இடையே ஹேண்ட் ரப். கழற்றியதில் கிளவுஸ், காகிள்ஸ், பிளாஸ்டிக் உடை மருத்துவக் கழிவுக்கான சிவப்புப் பையில்; மாஸ்க், ஷூ கவர், பிளாஸ்டிக் அல்லாத உடை மஞ்சள் பையில்.

சுவரில் படம் ஒட்டினால் மட்டும் போதாது. ஆளுயரக் கண்ணாடி ஒன்றும், எதிரே நின்று "இப்ப கையை ரப் பண்ணுங்க, முகத்தத் தொடாதீங்க" என்று ஒவ்வொரு படியாகச் சொல்ல ஒரு ஆளும் வேண்டும். ஊழியர் பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்த ஆள்தான். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

7. "வார்டுல இவ்வளவு ஜாக்கிரதையா இருந்தும் எங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: டீ எங்கே குடித்தீர்கள்? பெரும்பாலான இடத்தில் ஊழியர் ஓய்வறை என்பது ஜன்னல் திறக்காத பத்துக்குப் பத்து அறை. ஏ.சி. ஓடும். வார்டில் முழு உடையோடு நின்ற ஆறு பேர் அங்கே மாஸ்க்கைக் கழற்றி, முழங்கை இடிக்க உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாய் எடுத்துச் சாப்பிடுவார்கள். நோயாளியைப் பார்த்தால் வருகிற பயம் கூட வேலை செய்கிறவரைப் பார்த்தால் வருவதில்லை. ஆனால் அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுவார். 2ஆம் கேள்வியில் சொன்ன மூடிய அறை இதுதான்.

டீ குடிக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடைவேளை இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார். வராந்தாவிலோ மரத்தடியிலோ நாற்காலி போடச் சொல்லிக் கேளுங்கள். அறைக்குள்தான் என்றால் ஜன்னலைத் திறந்து, இரண்டிரண்டு பேராகப் போங்கள். டியூட்டி ரூம், உடைமாற்றும் அறை, ஆட்களை அடைத்துக் கூட்டிப்போகும் ஸ்டாஃப் வேன் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

8. "ஆம்புலன்ஸ்ல ஏ.சி. போட்டுக்கலாமா?"

ஓட்டுநர் அறைக்கும் நோயாளி இருக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள கதவை மூடுங்கள். ஜன்னல்களைக் கொஞ்சமாவது இறக்குங்கள். ஏ.சி. போட்டே ஆக வேண்டுமென்றால் உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். பின்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும்.

9. "நாங்க வீடு வீடாப் போற கிராம செவிலியர். எங்களுக்கு அந்த முழு உடுப்பெல்லாம் குடுக்கல. அப்ப நாங்க என்ன ஆகுறது?"

வீட்டு விசாரிப்புக்கு முழு உடை தேவையில்லை. நல்ல மாஸ்க் தேவை. உங்களிடம் ஒரு பெரிய வசதி இருக்கிறது, ஐ.சி.யூ.வில் இருப்பவர்களுக்கு அது கிடையாது: திறந்தவெளி. வீட்டுக்குள் போகாமல் திண்ணையிலோ வாசலிலோ நின்று பேசுங்கள். அவர்களையும் மூக்கை மூடச் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு பார்க்க ஆக்சிமீட்டரை நீட்டிவிட்டு, விரலை அவர்களையே வைக்கச் சொல்லி, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். 94க்குக் கீழே காட்டினால், ஆள் தெம்பாகப் பேசினாலும், அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

"உள்ள வந்து உக்காருங்கம்மா" என்று அழைக்கும் வீட்டில் வாசலிலேயே நிற்பது மனசுக்குக் கஷ்டம். "நாலு வீடு போய்ட்டு வரேன், உங்க வீட்டுக் குழந்தைக்காகத்தான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

10. "பிளீச்சிங் கரைசல் எவ்வளவு கலக்கணும்? ஆள் மேலயே அடிச்சா சீக்கிரம் சுத்தமாகிடுமே?"

தரை, கழிப்பறை, கட்டிலுக்கு 1 சதவீத ஹைப்போகுளோரைட் போதும். கேனில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு தண்ணீர். அன்றன்று கலக்க வேண்டும்; நேற்றைய கரைசலில் வீரியம் இருக்காது. அதோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கழிப்பறை கழுவும் தங்கைகள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உலோகக் கருவிகளை ஹைப்போ அரிக்கும். அதற்கு 70 சதவீத ஆல்கஹால்.

ஆள் மேல் அடிக்கவே கூடாது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் மார்க்கெட்டில் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தார்கள். பார்த்துவிட்டுப் பல ஊர்களும் வைத்தன. அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. கண், தோல், நுரையீரல் மூன்றும் புண்ணாகும். மூச்சுக்குழாயில் இருக்கும் வைரஸைச் சட்டை மேல் தெளித்து எப்படிக் கொல்வது?

11. "எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலீங்களே. நான் கூட்டிப் பெருக்குற ஆளுதானே?"

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இதுதான். நோயாளியின் வாந்தியை அள்ளுவது, மஞ்சள் பையைக் கட்டித் தூக்குவது, இறந்தவர் கட்டிலைக் கழுவுவது நீங்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் ஒரு கட்டில் பக்கம் நிற்பது சில நிமிடம். நீங்கள் அந்த அறையில் முழு ஷிப்ட். ஆனால் வகுப்பு நடந்தது ஆங்கில ஸ்லைடில், மாடியில் உள்ள அரங்கில், உங்கள் வேலை நேரத்தில். ஒப்பந்த நிறுவனத்து ஆட்கள் என்பதால் பட்டியலிலேயே பெயர் வராத இடங்களும் உண்டு.

நீங்களும் சுகாதாரப் பணியாளர்தான். 2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டில் மருத்துவர், செவிலியரோடு தூய்மைப் பணியாளரும் கிராமங்களில் வேலை செய்யும் ஆஷா சுகாதாரப் பணியாளரும் சேர்க்கப்பட்டார்கள். பயிற்சியிலும் அதே வரிசை வேண்டும். பயிற்சி கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இவர்களுக்கு ஸ்லைடு வேண்டாம். ஒரு பக்கெட், ஒரு அளவுக் குவளை, ஒரு மஞ்சள் பையோடு வார்டுக்கே போங்கள். கலக்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் பேசுவதைவிட அவர்கள் கேட்பது அதிகம் இருக்கும்.

12. "லேசா தொண்ட கரகரங்குது. லீவு போட்டா சம்பளம் போயிடும். டூட்டிக்கு வரலாமா?"

வரக் கூடாது. சொல்லிவிட்டு, பரிசோதனை எடுத்துவிட்டு, வீட்டில் இருக்க வேண்டும். இதை எல்லோரும் அறிவார்கள், அறிந்தும் வருகிறார்கள். நிரந்தரப் பணியில் இருப்பவருக்குச் சிறப்பு விடுப்பு, தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு அன்றைய சோறு போச்சு என்றால் இருமலை மறைக்கத்தான் செய்வார். இதற்கு அறிவுரை பதில் ஆகாது. நோய் விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று நிர்வாகம் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஒப்பந்த ஊழியருக்கும் சேர்த்து. அது வரும்வரை மேற்பார்வையாளர்கள் செய்யக்கூடியது ஒன்று: உண்மையைச் சொன்ன ஆளைத் திட்டாதீர்கள். ஒருவரைத் திட்டினால் அடுத்த பத்துப் பேர் வாய் திறக்கமாட்டார்கள்.

13. "மொதல்ல ஹைட்ராக்சி குளோரோகுயின் சாப்பிடச் சொன்னாங்க, அப்புறம் வேண்டாம்னாங்க. பிளாஸ்மா குடுங்கன்னாங்க, அப்புறம் நிறுத்துன்னாங்க. எதைத்தான் நம்புறது?"

கோபம் நியாயமானது. 2020 மார்ச்சில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பணிக்குழு, கொரோனா நோயாளியைக் கவனிக்கும் ஊழியர்களுக்கு அந்த மலேரியா மாத்திரையைத் தடுப்பாகப் பரிந்துரைத்தது: முதல் நாள் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, பிறகு வாரம் ஒன்று, ஏழு வாரம். அப்போது கையில் இருந்தது ஆய்வகச் சான்றும் நம்பிக்கையும்தான். 2021 மார்ச்சில், பரிசோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, தடுப்புக்கு இது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் திட்டவட்டமாகச் சொன்னது. பிளாஸ்மா, அதாவது குணமானவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து ஏற்றும் நீர்ப்பகுதி, விஷயத்தில் நம் நாட்டிலேயே நல்ல ஆய்வு நடந்தது. 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் ஐ.சி.எம்.ஆர். செய்து பார்த்ததில் பலன் தெரியவில்லை. ஆனாலும் வழிகாட்டுதலிலிருந்து அது நீக்கப்பட்டது 2021 மே மாதம்தான். அதற்குள் பிளாஸ்மா தேடி அலைந்த குடும்பங்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

எதிர்ப்பக்கம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படுவோருக்கும் பலன் இருந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் படிக்கவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு எழுதினார்கள், சர்க்கரை எகிறியது, 2021 கோடையில் கருப்புப் பூஞ்சை பெருகியதில் அதற்கும் பங்குண்டு.

ஆகவே நம்ப வேண்டியது ஆளை அல்ல, சான்றின் தரத்தை. "யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா, யாருக்குப் பலன் இல்லை?" இந்த மூன்றையும் கேளுங்கள். செவிலியரும் கேட்கலாம், மருந்தாளுநரும் கேட்கலாம். சொல்வது மாறுகிறதே என்பதற்காக அறிவியலைக் கைவிட வேண்டியதில்லை. 2ஆம் கேள்வியில் பார்த்ததுபோல, மாறியதால்தான் தவறு திருந்தியது.

14. "கபசுரக் குடிநீர் குடிச்சா எங்களுக்கு வராதுதானே?"

அரசே அதை வழங்கியது, நம் மக்களுக்கு அதில் பற்றும் உண்டு; குடிப்பவரை நான் தடுத்ததில்லை. குடித்துவிட்டேன் என்று மாஸ்க்கைத் தளர்த்தினால் மட்டும் தடுப்பேன். வேறு மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

15. "தடுப்பூசி போட நாங்களே தயங்கினோம். படிச்ச நாமளே பயந்தா ஜனங்க எப்படி நம்புவாங்க?"

2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது முதல் வரிசை நமக்குத்தான். கோவேக்சினின் மூன்றாம் கட்ட முடிவு அப்போது வெளிவரவில்லை. பரிசோதனை முறையில் அனுமதி என்று சொல்லித் தனி ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எந்த ஊசி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. படித்தவர் கேள்வி கேட்டதில் என்ன குற்றம்? முடிவு எங்கே என்று கேட்டவரையும், ஊசியில் சிப் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவரையும் "தயங்குவோர்" என்ற ஒரே பெட்டியில் போட்டது தவறு. மார்ச்சில் இடைக்கால முடிவு வந்த பிறகு, முன்பு தயங்கிய பலர் தாங்களாகவே வந்து போட்டுக்கொண்டார்கள்.

மக்களிடம் பேசும்போதும் இதே நேர்மை உதவும். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் இறந்தார். மறுநாளே முகாமில் நாற்காலிகள் காலியாகின. பிற்பாடு ஆராய்ந்த நிபுணர் குழு, இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றது. ஆனால் முகாமில் நிற்கும் செவிலியரிடம் அன்றைக்கே பதில் கேட்டார்கள். "பயப்படாதீங்க" என்று சொன்னவர்களைவிட, "நானும் யோசிச்சுதான் போட்டேன், ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சு, இப்ப நல்லா இருக்கேன், உங்களுக்கு நெஞ்சு வலி இருந்தா முதல்ல டாக்டரப் பாக்கலாம்" என்று சொன்னவர்களின் வரிசைதான் நீண்டது.

16. "பயமா இருக்குன்னு சொன்னா கேவலமாப் பாக்குறாங்க. பயப்படுறது தப்பா?"

தப்பில்லை. சிறுபிள்ளையும் வயதான மாமியாரும் இருக்கும் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர் பயப்படாமல் எப்படி இருப்பார்? அப்போது வெளியே கை தட்டினார்கள், பூத் தூவினார்கள். வீட்டுக்காரரோ காலி செய்யச் சொன்னார். 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கும்பல் ஆம்புலன்ஸைத் தாக்கியது. சக மருத்துவர் ஒருவரே மண்ணைத் தள்ளி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் டியூட்டிக்கு வந்தவர்களைத்தான் "மனப்பான்மை சரியில்லை" என்று சிலர் எழுதினார்கள்.

அந்த வாரமே, ஏப்ரல் 22 அன்று, கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை; கொடுங்காயம் என்றால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு. யாராவது மிரட்டினால் சகித்துக்கொண்டு போகாதீர்கள், எழுத்தில் கொடுங்கள். பயத்தைக் கூடப் பணியாற்றும் ஒருவரிடமாவது சொல்லுங்கள். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வேலையில் கை நடுங்கினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதும் சிகிச்சைதான்.

17. "எங்க ஆஸ்பத்திரில அறிவு, மனப்பான்மை, நடைமுறைன்னு சர்வே எடுத்தாங்க. எல்லாரும் சரியாத்தான் டிக் பண்ணோம். அப்புறம் ஏன் தொத்து குறையல?"

ஊரடங்கு நாட்களில் இத்தகைய படிவங்கள் ஏராளமாக வந்தன. வாட்ஸ்அப்பில் லிங்க் வரும், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். நிரப்பியவர் யார் என்று பாருங்கள்: ஸ்மார்ட்போன் உள்ளவர், ஆங்கிலம் படிப்பவர், படிவம் அனுப்பியவருக்குத் தெரிந்தவர். 11ஆம் கேள்வியைக் கேட்ட அக்கா அதில் இல்லவே இல்லை. அடுத்து, என்ன கேட்டார்கள்? "நோய் அரும்பும் காலம் எத்தனை நாள்?" இரண்டு முதல் பதினான்கு என்று டிக் செய்யலாம். ராத்திரி மூன்று மணிக்கு என்95 அலமாரிச் சாவி யாரிடம் என்று கேட்கவில்லை. "நோயாளியைத் தொடும் முன் கை கழுவுகிறீர்களா?" என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள், ஒருவர் நோட்டுடன் ஓரமாக நின்று கவனித்தால்தான் உண்மை தெரியும், அதுவும் அவர் நிற்பது மறந்துபோன பிறகு.

சரியான விடை என்று அவர்கள் வைத்திருந்ததும் அன்றைய தேதிக்கானதுதான். 2020 ஏப்ரலில் "காற்றில் பரவும்" என்று டிக் செய்த ஒருவருக்கு மதிப்பெண் போயிருக்கும்.

மனப்பான்மைக் கேள்வி இன்னும் சிக்கல். "கொரோனா நோயாளியைக் கவனிக்கத் தயாரா?" என்பதற்கு "இல்லை" என்று சொன்னால் எதிர்மறை மனப்பான்மை என்று கணக்கில் ஏறும். மாஸ்க் கொடுக்கப்படாத செவிலியர் "இல்லை" என்றால் அது சரியான மதிப்பீடு. அந்த "இல்லை"யைப் படித்துவிட்டு நிர்வாகம் மாஸ்க் வாங்க வேண்டும். சர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதோடு கூடவே மாஸ்க் இருப்பு, ஊழியர் எண்ணிக்கை, ஜன்னல்கள் திறக்கின்றனவா என்பதையும் எழுதுங்கள். ஊழியரின் பதில்களை அவற்றின் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

18. "பெரிய டாக்டரே மாஸ்க்க தாடைக்கு இறக்கிவிட்டுட்டு ரவுண்ட்ஸ் வர்றார். நான் எப்படிச் சொல்றது?"

ஒற்றை ஆளாகச் சொல்வது கடினம். அதை உங்கள் தைரியத்தின் மேல் விடவே கூடாது. வார்டு வாசலில் ஒரு மேஜை, அதில் புது மாஸ்க், அங்கே நிற்பவர் உள்ளே வரும் எல்லோருக்கும் நீட்ட வேண்டும் என்பது விதி. அப்போது அது அவரைக் குறிவைத்ததாக ஆகாது. ரவுண்ட்ஸுக்கு நடுவில் என்றால், "சார், உங்க மாஸ்க் லூஸா இருக்கு, புதுசு தரேன்" என்று கையில் எடுத்துக்கொண்டே சொல்லுங்கள். பெரும்பாலோர் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். மறுப்பவர் பெயரை தொற்றுத் தடுப்புக் குழுவுக்குக் கொண்டுபோவது என் போன்றவர்கள் வேலை. அந்தக் குழுவில் மூத்த மருத்துவர் ஒருவர் இல்லாவிட்டால் அது பெயரளவுக்குத்தான் இருக்கும்.

மூத்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி மருத்துவர்கள் என் வகுப்பை மறந்துவிடுவார்கள்; நீங்கள் கட்டிலருகே எப்படி நின்றீர்கள் என்பதை மறக்கமாட்டார்கள்.

19. "நாளைக்கே பேர் தெரியாத ஒண்ணு வந்தா, மொதல் வாரம் ஒண்ணுமே தெரியாதப்ப, என்ன பண்றது?"

எதுவும் தெரியாத வாரத்தில் மோசமானதை எதிர்பார்த்துத் தொடங்குங்கள்: காற்றில் பரவும் என்று வைத்துக்கொண்டு என்95 போடுங்கள், பிறகு தளர்த்திக்கொள்ளலாம். காய்ச்சலும் இருமலும் உள்ளவர்களை ஓ.பி. வாசலிலேயே பிரித்து, திறந்த இடத்தில் உட்காரவைத்து, மாஸ்க் கொடுங்கள். எங்கிருந்து வந்தார், வீட்டில் வேறு யாருக்கு, என்ன வேலை, ஆடுமாடு, வவ்வால், பன்றி பக்கம் போனாரா என்று கேட்டு எழுதுங்கள். வழக்கத்துக்கு மாறான நிமோனியா இரண்டு மூன்று ஒரே வாரத்தில் வந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தினமும் ஒரே ஆள், ஒரே நேரத்தில், தேதி போட்ட ஒரே தாளில் புதுத் தகவலை ஒட்டட்டும்; பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பார்வர்டில் வந்ததை அந்தத் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்க ஊழியர்களைப் பழக்குங்கள்.

இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் வார்டு ஸ்டோரில் எத்தனை என்95 இருக்கிறது, காலாவதித் தேதி என்ன, இரவு ஷிப்டில் சாவி யார் கையில் என்று போய்ப் பாருங்கள். தூய்மைப் பணியாளரின் அளவுக்கு ஏற்ற கிளவுஸும் பூட்ஸும் இருக்கிறதா என்று அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வறை ஜன்னல் ஆணி அடித்து மூடியிருந்தால் கார்பெண்டருக்குச் சொல்லிவிடுங்கள்.